சுவடு இல்லாத அடி

'விஸ்வரூபம்' இரண்டாம் பாகத்தின் (2018) சண்டைக் காட்சிகள் சோபிக்காமைக்குப் பல்லாண்டுத் தாமதத்தையும் வரைகலையின் தரக்குறைவையும் காரணமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அக்காரணம் பொருந்தாது. குறை கருவிகளில் இல்லை, கதைசொல்லலில் இருக்கிறது.

2013-இல் வெளிவந்த முதல் பாகத்தை எண்ணிப் பார்க்கலாம். நளினமான கதக் ஆசிரியர் விஸ்வநாதன் பகைவரிடம் சிக்கித் தொழுகைக்கு அனுமதி கேட்கிறார்; அடுத்த சில நொடிகளில் பகைவர் வீழ்கின்றனர். அதே மோதல் மெதுவோட்டத்தில் மீண்டும் காட்டப்படுகிறது. பார்வையாளர் வியப்பது வேகத்தை மட்டுமன்று. அதுவரை அறிந்திருந்த மனிதர் வேறொருவர் என்ற செய்தியை. அங்கே சண்டையே கதையை நகர்த்துகிறது.

இரண்டாம் பாகத்தில் விஸாம் யார் என்பது தொடக்கத்திலேயே தெரியும். வெளிப்படுத்த மறைபொருள் இல்லாதபோது, ஒவ்வொரு மோதலும் புதிதாக ஒன்றைப் பணயம் வைத்தாக வேண்டும். அது நிகழவில்லை. பிரிட்டன் கடலடியில் வெடிபொருளுடன் கிடக்கும் கப்பல் வலிமையான கரு. தேம்ஸ் முகத்துவாரத்தில் 1944-இல் மூழ்கிய ரிச்சர்ட் மாண்ட்கோமரி இன்றும் அவ்வாறே கிடக்கிறது. ஆயினும் நீருக்கடியில் யார் எங்கே இருக்கிறார், எது தவறினால் என்ன நேரும் என்பது மனத்தில் பதியுமுன்பே காட்சி முடிந்துவிடுகிறது.

தென்திருவிதாங்கூரின் அடிமுறைக் களரியில் முதற்பாடம் சுவடு, அடி பிறகே. கால் ஊன்றாமல் ஓங்கும் கைக்கு வலுவில்லை. முதல் பாகம் அறிந்திருந்த இவ்விதியை இரண்டாம் பாகம் மறந்தது. கலைஞரின் பெருமையைச் சொல்லி அம்மறதியை மூடுவது திறனாய்வு ஆகாது.