இரண்டு நாள் காத்திருப்பு

போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் ஏல விதை ஊன்றியவர்கள் மறுநாளே முளையைத் தேடுவதில்லை, வாரக்கணக்கில் பொறுத்திருப்பார்கள். ஆனால் பிறந்து மூன்று நாளான சிசுவுக்கு ரத்தம் எடுத்து, "கிருமி உண்டா என்று தெரிய இரண்டு நாளாகும்" என்று டாக்டர் சொல்லும்போது, அந்தப் பொறுமை எந்தத் தாய்க்கும் வருவதில்லை. வராதது இயல்பே. எனினும் அந்த இரண்டு நாளில் நடப்பது இன்னதென்று அறிந்தால், குழந்தையைப் பாதியில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் அவசரம் தணியும் என்று கருதியே இவ்வாரம் இதை எழுதுகிறோம்.

ரத்தத்தில் கிருமிகள் மிகச் சிலவாகவே இருக்கும். ஆகவே அந்த ரத்தத்தைச் சத்துநீர் நிறைந்த புட்டியில் விட்டு, உடற்சூட்டில் வைத்து வளர்க்கிறார்கள். இதுவும் ஒரு நாற்றங்கால்தான். வளரும் கிருமிகள் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அதனால் உண்டாகும் மாறுதலை இயந்திரம் இரவு பகலாகக் கவனித்து அறிவிக்கிறது. உண்மையான நோய்க்கிருமி பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தன்னைக் காட்டிக்கொள்ளும். 48 மணிக்குள் ஏறக்குறைய எல்லாமே வெளிப்பட்டுவிடும். அதன் பெயரையும், எம்மருந்துக்கு அது அடங்கும் என்பதையும் அறிய மேலும் ஓரிரு நாள் ஆகலாம்.

அதுவரை சிகிச்சை நிற்குமோ என்று அஞ்ச வேண்டாம். ரத்தம் எடுத்தவுடனே மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். மருந்தை மாற்றுவதா, நிறுத்துவதா என்று தீர்மானிப்பதற்கே முடிவு தேவை. கிருமி வளராமல், குழந்தையும் தெளிவாக இருந்தால், வீணாக ஊசி போடுவதை நிறுத்தலாம்.

"பச்சைக் குழந்தையிடம் இவ்வளவு ரத்தமா?" என்று பாட்டிமார் பதறுவதுண்டு. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் சுமார் 240 மில்லி ரத்தம் உண்டு. இப்பரீட்சைக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு மில்லிதான். அதையும் குறைத்தால் கிருமி அகப்படாமல் தப்பிவிடக்கூடும். மருந்துக் கடையில் எதையாவது வாங்கிப் புகட்டிவிட்டுப் பிறகு பரீட்சைக்கு வந்தாலும் இதே கதிதான்.

பரீட்சையே சர்வமும் அன்று. டில்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை 13,530 சிசுக்களைக் கவனித்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. நூற்றுக்குச் சுமார் 14 குழந்தைகளுக்கு ரத்தத் தொற்று இருப்பதாக நிர்ணயித்தார்கள். புட்டியில் கிருமி வளர்ந்ததோ சுமார் 6 பேருக்கே. வளர்ந்தவற்றிலும் பல, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காதவை. எனவே, "ஒன்றும் வளரவில்லை" என்ற ஒரு சொல்லைக் கேட்டே டாக்டர் திருப்தியடைய மாட்டார். குழந்தையையும் பார்த்தே முடிவு செய்வார்.

நமது மலைப்பக்கத்தில் பெரிய தாமதம் புட்டிக்குள் நேர்வதன்று. புட்டியை அடையுமுன் நேர்வது. குரங்கணி, கொட்டகுடி முதலிய இடங்களிலிருந்தும், போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களிலிருந்தும் இறங்கி வருவதற்கே பொழுது கழிகிறது. ஜுரம் வரட்டும் என்று காத்திருப்பதும் தவறு. பச்சிளங் குழந்தைக்கு நோய் கண்டால் உடல் சில்லிட்டுப் போவதும் உண்டு. பால் குடிப்பதை நிறுத்துதல், துவண்டு கிடத்தல், நிமிஷத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், மார்பு உள்வாங்குதல், வலிப்பு — இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே புறப்பட வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி கிராமங்களில் டாக்டர் அபய் பங்கும் அவர் மனைவி ராணி பங்கும் 1990-களில் கிராமத்துப் பெண்களுக்கே இக்குறிகளை அறியவும் மருந்தளிக்கவும் கற்பித்தார்கள். சிசு மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. அங்கே ரத்தப் புட்டியும் இல்லை, இயந்திரமும் இல்லை. தக்க வேளையில் பார்த்த கண்கள் இருந்தன. புட்டிக்கு இரண்டு நாள் கொடுப்போம்; புறப்படுவதற்கு ஒரு நாழிகையும் கொடாதிருப்போம்.