ஓடுகிறதே என்று விட்டுவிடலாமா?

மாலையில் விளக்கேற்றும் இல்லத்தரசி, திரி முற்றாகக் கருகி விளக்கு அணையும்வரை காத்திருப்பதில்லை. சுடர் நன்றாக நிற்கும்போதே பழைய திரியை எடுத்துவிட்டுப் புதியதை இடுகிறாள். அந்தச் சிறு முன்யோசனையை, வாசலில் நிற்கும் மோட்டார் வண்டியிடம் நம்மில் எத்தனை பேர் காட்டுகிறோம்? இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கையில் அடங்குவது. பெற்றோல் எஞ்சினுக்குள் தீப்பொறியை உண்டாக்கும் பிளக் என்பதே அது. அதனை எப்பொழுது மாற்ற வேண்டும் என்பதை, எமக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவைக் கொண்டே சொல்லத் துணிந்தோம்.

எம் மகன் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிய ஆண்டு அது. மாரி மழை இரவெல்லாம் பெய்து, விடிந்த பின்னும் தூறிக்கொண்டிருந்தது. சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரிலுள்ள பரீட்சை மண்டபத்துக்கு அவனை எமது சிறிய யப்பானியக் காரில் அழைத்துச் சென்றோம். சில வாரங்களாகவே வண்டி ஒருவகைத் தயக்கம் காட்டி வந்தது. காலையில் உடனே உயிர் பெறாது. வேகமெடுக்கையில் இருமல்காரரைப் போல் இரண்டு முறை குலுங்கும். பெற்றோலும் முன்னையிலும் கூடுதலாகச் செலவாயிற்று. நாமோ பெற்றோலைக் குறை கூறினோம். மழையைக் குறை கூறினோம். "ஓடுகிறதே, பார்த்துக்கொள்ளலாம்" என்று நாளைக் கடத்தினோம். இணுவிலைத் தாண்டியதும் வண்டி மூன்று முறை குலுங்கி, நடுத்தெருவிலே நின்றுவிட்டது.

பிள்ளை நனைந்துகொண்டே கீழே இறங்கினான். அவ்வழியே வந்த முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர், நாம் கை காட்டுமுன்னரே நிறுத்தி, "தம்பி, சோதினையோ? ஏறும்!" என்று அழைத்துச் சென்றார். மற்றவர்கள் இருக்கைகளில் அமர்ந்த பின்னரே அவன் மண்டபத்துக்குள் நுழைந்தானாம். முதற் கால்மணி நேரம் கை நடுங்கிற்று என்று மாலையில் தாயிடம் சொன்னான், எம்மிடம் சொல்லவில்லை. அப்பாடத்தில் அவன் பெற்ற பெறுபேற்றை இங்கே எழுதுவது முறையன்று.

வண்டியைக் கட்டி இழுத்துச் சென்ற மெக்கானிக், மூடியைத் திறந்தவுடன் கேட்ட முதற் கேள்வி, "கடைசியா எப்ப ஐயா பிளக் மாத்தினனீங்கள்?" என்பதே. எம்மிடம் விடை இருக்கவில்லை. பாவித்த வண்டியாக வாங்கிய நாளிலிருந்து அந்தப் பேச்சே எழவில்லை. அவர் மூன்று பிளக்குகளையும் கழற்றி எம் கையில் வைத்தார். முனைகள் தேய்ந்து, இடைவெளி அகன்று கிடந்தது. அதுமட்டுமன்று, அவற்றுள் ஒன்றுக்கு மின்சாரம் வழங்கிய கொயிலும் எரிந்து போயிருந்தது. அந்த ஒரு கொயிலின் விலை மூன்று பிளக்குகளின் விலையையும் விஞ்சியது. பிளக்கில் மிச்சம் பிடித்ததாக நாம் எண்ணிய பணம் இவ்வாறு வட்டியுடன் வெளியேறிற்று.

பிளக் தேய்ந்தால் கொயில் ஏன் எரிய வேண்டும்? மாணவ நேயர்கள் இதனை அறிந்துகொள்வது நன்று. பிளக்கின் நுனியில் இரண்டு உலோக முனைகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. கொயில் உண்டாக்கும் பத்தாயிரம் வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் அவ்விடைவெளியைப் பாய்ந்து கடக்கும்போது பொறி பிறக்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் முனையின் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு அரிபடுகிறது. முனை தேயத் தேய இடைவெளி அகல்கிறது. அகன்ற இடைவெளியைக் கடக்க மேலும் உயர்ந்த அழுத்தம் தேவைப்படுகிறது. அச்சுமை முழுவதையும் கொயிலே தாங்குகிறது. தாங்க முடியாத ஒரு நாளில் அதன் உள்ளே மின்காப்பு முறிந்துவிடுகிறது. பொறி தவறினால் எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே சென்று, அங்கேயுள்ள புகை சுத்திகரிக்கும் ஊக்கியில் எரிந்து, விலையுயர்ந்த அவ்வுறுப்பையும் பாழாக்கக்கூடும்.

பரீட்சைகள் முடிந்த பின் எம் மகன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். நான்கு வீச்சு எஞ்சினில், சுழல் தண்டு இரண்டு முறை சுற்றும்போது ஒரு பிளக் ஒரு முறை பொறியை எழுப்புகிறது. ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் எஞ்சின் 2,000 முறை சுற்றுவதாகக் கொண்டால், ஒரு பிளக் 1,000 பொறிகளை எழுப்ப வேண்டும். 20,000 கிலோமீற்றரில் இரண்டு கோடி. 100,000 கிலோமீற்றரில் பத்துக் கோடி! இத்தனைக்கும் பிறகு ஓர் உலோக முனை தேய்வதில் வியப்பில்லை. அதுவரை உழைத்ததே வியப்பு.

ஆகவே, பிளக்கை மாற்றும் தூரம் வியாபாரிகள் நம்மை அச்சுறுத்தச் சொல்லும் எண் அன்று. முனை எவ்வுலோகத்தாலானது, அந்த எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுவது என்பவற்றைக் கொண்டு வண்டியை ஆக்கியோர் வகுத்த எண் அது. சாதாரண நிக்கல் முனை 1,455 பாகை செல்சியசில் உருகுவது; பிளற்றினம் 1,768 பாகையில்; இரிடியமோ 2,446 பாகையில். கடின உலோகம் மெல்லத் தேயும். அதனாலேயே நிக்கல் பிளக்குகளுக்குப் பெரும்பாலும் 20,000 முதல் 40,000 கிலோமீற்றர் வரையும், நீண்ட ஆயுளுக்கென ஆக்கப்பட்ட பிளற்றின, இரிடியப் பிளக்குகளுக்கு 100,000 கிலோமீற்றர் அளவிலும் தவணை குறிக்கப்படுகின்றது.

எம்மை ஏமாற்றியது இந்த இறுதி எண்ணே. "இரிடியம் என்றால் ஓர் இலட்சம் ஓடும்" என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தோம். எமது மானியோ எண்பதாயிரத்தைத்தான் கடந்திருந்தது. ஆனால் எமது வண்டி 660 கன சென்டிமீற்றர் கொண்ட சிறிய எஞ்சின் உடையது. சிறிய எஞ்சின் அதே தூரத்தை ஓடக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். கூடுதலாகச் சுற்றினால் பொறிகளும் பெருகும். ஆதலால் யப்பானிலே இத்தகைய சிறு வண்டிகளுக்குச் சாதாரணக் கார்களுக்குரிய தவணையில் ஏறக்குறைய பாதியையே விதிப்பது வழக்கம். எமது வண்டிக்குரிய எண் வண்டியின் கைந்நூலில் இருந்தது. யப்பானிய மொழியில் அச்சான அந்நூல், வாங்கிய நாள்முதல் பிரிக்கப்படாமலே பெட்டிக்குள் உறங்கிற்று.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எம் தந்தையார் ஒரு மொறிஸ் மைனர் வைத்திருந்தார். 6,000 மைலுக்கு ஒருமுறை பிளக்குகளைக் கழற்றித் துப்புரவாக்கி, இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்காகச் சரிசெய்வதும், 12,000 மைலில் புதியன இடுவதும் அவரது வழக்கம். அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் நாளுடனும் மைலுடனும் எழுதி வைப்பார். பின்னர் 1990களில் வடக்கிலே பெற்றோல் கிடைக்காத காலம் வந்தது. அந்த மொறிசும், ஒஸ்டின்களும், மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் ஊற்றி எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிளக்குகள் கரி பிடித்து அடிக்கடி மௌனமாகிவிடும். கழற்றித் தூரிகையால் தேய்த்து, மீண்டும் மாட்டி ஓடுவோம். புதியது வாங்க வழியில்லாத நாளில் அது எமது கெட்டித்தனம். அதனை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறோம்.

ஆனால் இல்லாமையில் கற்ற கெட்டித்தனம் இருக்கும் காலத்தில் பழக்கமாக நின்றுவிடக் கூடாது. "துடைத்துப் போட்டால் ஓடும்" என்ற எண்ணம் எம்மை விட்டு நீங்கவில்லை. தந்தையாரின் குறிப்பேடோ நீங்கிவிட்டது. கரியைத் துடைக்கலாம், தேய்ந்த முனையைத் துடைத்து வளர்க்க முடியாது. மேலும், ஆண்டுதோறும் வந்த பழைய தவணையை மனம் மறப்பதில்லை. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இன்றைய தவணையை எம்மனமும் நினைவில் வைக்காது. தவணை நீள நீள, அதனை எழுதி வைக்கும் தேவையும் பெருகுகிறது என்பதே நாம் கற்ற பாடம்.

இனி, நேயர்கள் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம். உங்கள் வண்டியின் கைந்நூலில் பிளக்கின் இலக்கத்தையும் மாற்றும் தூரத்தையும் தேடிப் பாருங்கள். அந்நியமொழி நூலாயின், கைத்தொலைபேசி கொண்டே அதனை மொழிபெயர்த்துப் பார்க்கும் வசதி இன்று உண்டு. நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டிக்கும் குறுந்தூரமே ஓடும் வண்டிக்கும் கைந்நூல் வேறு தவணை கூறுகிறதா என்பதையும் கவனியுங்கள். பாவித்த வண்டியை வாங்கி, அதன் பழைய வரலாறு தெரியாதிருப்பின், முதல் வேலையாகப் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பிக்க வேண்டும். மானி காட்டும் எண்ணை மட்டும் நம்புதல் தகாது. ஹைபிரிட் வண்டியிலும் பெற்றோல் எஞ்சின் உண்டு. அதிலும் பிளக் உண்டு என்பதை மறவாதீர்கள். டீசல் வண்டிக்காரருக்கு இக்கவலை இல்லை.

மாற்றும்போது எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுவதே முறை. எஞ்சின் ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். முதலில் குழியிலுள்ள தூசியை ஊதி அகற்றி, புதிய பிளக்கைக் கையாலேயே திருகித் தொடங்கி, குறித்த அளவுக்கே இறுக்க வேண்டும். அலுமினியப் புரிகள் முரட்டுக் கைக்குப் பொறுக்கமாட்டா. இரிடியத்தின் மெல்லிய முனையைத் தட்டியோ நெம்பியோ பார்த்தல் கூடாது. போலிகள் உலவுவதால் நம்பிக்கையான கடையிலே வாங்குக. கழற்றிய பழையவற்றை எறியுமுன் பாருங்கள். இளம் பழுப்பாயின் எஞ்சின் நலம். உலர்ந்த கரியாயின் பெற்றோல் மிகுதி. எண்ணெய் ஈரமாயின் உள்ளே எண்ணெய் கசிவு. வெளுத்துக் கொப்பளித்திருப்பின் அளவு மீறிய சூடு. தவணைக்கு முன்னரே அடிக்கடி மாற்றுவதும் வீண் செலவே. குறித்த காலத்தில் செய்வதே சிக்கனம்.

இந்நாட்டில் 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2022 இல் வாரப் பங்கீட்டில் பெற்றோல் பெற்றோம். ஆகவே, உள்ள வண்டியைப் பேணுவதும் துளி எரிபொருளையும் வீணாக்காதிருப்பதும் எத்தகையன என்பதை நம் குடும்பங்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எமது காரின் கதவுப் பையில் இப்போது ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. முதற் பக்கத்தில் பிளக் மாற்றிய நாள், மானியின் எண், அடுத்து மாற்ற வேண்டிய எண் ஆகிய மூன்றும் எழுதப்பட்டுள்ளன. எழுத்து எம்முடையது அன்று, எம் மகனுடையது. அவன் எம்மிடம் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. குறிப்பேட்டை மட்டும் வாங்கி வந்து, தானே எழுதி வைத்துவிட்டான்.