பேழையிலிருந்து பேட்டைக்கு

பொங்கலையொட்டி நூற்கண்காட்சி ஒன்று நடத்த நம் சங்கம் எண்ணியிருக்கிறது. இடம், பல்கலைக் கழக வளாகம். பழைய பதிப்புகள் சில, ஓலைச்சுவடிகளின் ஒளிப்படங்கள், சான்றோர் ஒருவரின் தலைமையுரை, மாலையில் ஆடலும் பாடலும். நல்ல எண்ணந்தான்; நானும் வரவேற்கிறேன். ஆனால், நூல்கள் யாவும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும், பார்க்கலாம், தொடக்கூடாது என்று திட்டத்தில் ஒரு வரி இருக்கிறதே, அங்கேதான் எனக்கு மாறுபாடு.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கண்காட்சியில் பாதியைப் போசரிக்குக் கொண்டு செல்வோம். 'தொடக்கூடாது' என்பதை அடித்துவிட்டு, 'எடுத்துச் செல்லலாம்' என்று எழுதுவோம்.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "பட்டறைப் பேட்டைக்கும் பழந்தமிழ் நூலுக்கும் என்னப்பா உறவு?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். அந்த உறவை முதலில் கண்டவன் நான் அல்லன்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் அவரைச் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராக அமர்த்தினார்கள். அந்த நாளில் அது ஓசையற்ற வேலை. வருவார் குறைவு; கேட்பார் அதனினும் குறைவு. கணித ஆசிரியருக்குச் சலித்துப் போயிற்று. மீண்டும் கல்லூரிக்கே போய்விடலாம் என்று எண்ணினார். அதற்குள் நூலகக் கலை பயில இலண்டன் மாநகருக்குச் செல்லும் வாய்ப்பு வந்தது. அங்கே அவர் கண்டது என்ன? பேராசிரியருக்கு மட்டும் அன்று. தொழிலாளிக்கும், இல்லத்தரசிக்கும், சிறு பிள்ளைக்கும் நூலகம் கதவு திறந்து வைத்திருந்தது. அவரவர் தேவை அறிந்து நூல் கொடுக்க ஆள் இருந்தது. 1925இல் திரும்பி வந்தவர் கல்லூரி வேலையை மறந்தே போனார். நூலடுக்குகளின் நடுவே வாசகரை உலவவிட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். ஐயம் கேட்டு வருவோருக்கு உதவுவதையே நூலகத்தின் தலையாய பணி ஆக்கினார்.

1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை இன்று உலகெங்கும் நூலக மாணவர் பாடமாகப் படிக்கின்றனர். முதல் விதி பூட்டி வைப்பதற்கு நேர் எதிரானது: நூல் இருப்பது பயன்படுத்தவே என்பது அதன் பொருள். கேட்டால் எளியது, 'இது யாருக்குத் தெரியாது?' என்று தோன்றும். ஆயினும் ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் பலகையோடு பிணைத்து வைத்த காலம் ஒன்று இருந்தது. சங்கிலி போயிற்று, கண்ணாடி வந்தது. சங்கிலியிட்ட நூலையாவது அங்கேயே நின்று புரட்டிப் படிக்கலாம்!

அதே 1931ஆம் ஆண்டிலேதான் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் பயணம் செய்தன. அந்த வண்டியை ஓடச் செய்தவர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை. நூலகத்துக்கு உழவன் வர இயலாதா? நூலகம் உழவனிடம் போகட்டும். அவ்வளவுதான் அதன் தத்துவம். தஞ்சைத் தரணியின் வண்டிப் பாதையில் தொண்ணூறு ஆண்டுக்கு முன்பு முடிந்தது, நாசிக் நெடுஞ்சாலையில் இன்று முடியாதா?

வளாகத்திலிருந்து போசரி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நம்மில் பலர் வாடகை மலிவு என்று அங்கேதான் அறை எடுத்திருக்கிறோம். ஆனால் போசரியை நாம் பேருந்தின் சன்னல் வழியே பார்த்ததோடு சரி. கடைசல் பட்டறைகள், வார்ப்படக் கூடங்கள், மோட்டார் உதிரி உறுப்பு செய்யும் சிறு தொழிற்சாலைகள். அவற்றின் நடுவே நம்மவர் குடும்பங்கள். விழுப்புரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளைப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ. மூன்று மொழி பேசுகிறார்கள், பாராட்டத்தக்கதே. ஆனால் தாய்மொழியின் 'அ'கரத்தைக் கடைப் பலகையில்கூடக் காணாமல் வளர்கிறார்கள். பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் தமிழ் இன்னும் எத்தனை தலைமுறை நிற்கும்? நாம் மேடையில் 'தமிழ் வாழ்க' என்று முழங்கும்போது போசரியில் ஒரு வீட்டில் அது ஓசையின்றி விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.

ஆர்வம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். என் அறைக்குக் கீழ்வீட்டு அம்மா, என் கையில் தமிழ் நூலைக் கண்டாலே, "படிச்சு முடிச்சதும் குடுங்க தம்பி" என்பார். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் அப்படித்தான் கீழே இறங்கியது. மூன்று மாதத்தில் ஐந்து பாகமும் போய்த் திரும்பின. இரண்டாம் பாகத்தில் மஞ்சள் கறை, நான்காம் பாகத்தில் காப்பி வட்டம். கல்கி கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இனி, மறுப்புகளுக்கு வருவோம். அரிய நூல் பாழாகுமே என்பது முதல் மறுப்பு. இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன. இந்தப் புனே நகரிலேயே 2004 ஜனவரி 5ஆம் நாள் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்துள் ஒரு கும்பல் புகுந்து சுவடிகளையும் நூல்களையும் சிதைத்தது. ஒரே படி உள்ள நூலைக் கண்ணை இமை காப்பதுபோல் காக்கத்தான் வேண்டும். அது பேழையிலேயே இருக்கட்டும், வளாகத்திலேயே இருக்கட்டும். ஆனால் இருநூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் நூலையும் அதன் பக்கத்திலேயே பூட்டி வைப்பானேன்? அரியதைக் காப்பது கடமை. மலிவானதைப் பூட்டுவது வெறும் பழக்கம்.

திரும்பி வராது என்பது இரண்டாம் மறுப்பு. சில வாராதுதான். ஒரு பேரேடு, பெயர், முகவரி, கையொப்பம், கொடுத்த நாள், போதும். நூற்றுக்குப் பத்துப் போனாலும் போகட்டும். விழா மேடையின் ஒரு மாலை அலங்காரத்துக்கு ஆகும் செலவைவிட அது குறைவு. நம் சங்கத்துப் பொருளாளர் என்மேல் சினம் கொள்ளாதிருப்பாராக!

எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே என்பது மூன்றாவது. கிடைக்கிறது, உண்மை. மதுரைத் திட்டம் 1998 முதல் நம் இலக்கியங்களை மின்வடிவில் இலவசமாகத் தருகிறது. ஆனால் அது இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர்? கண்காட்சியில் ஒரு மேசை போட்டு, வருவோரின் கைப்பேசியிலேயே அதைத் திறந்து காட்ட இரு மாணவர் உட்காரட்டும். அதுவும் நூலகத் தொண்டுதான்.

இந்த இடத்தில் நம்மையும் கொஞ்சம் கிள்ளிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் பல்கலைக் கழகம் தோன்றியது 1949இல். முதல் துணைவேந்தர் எம். ஆர். ஜெயகர். அவர் பெயர் தாங்கிய நூலகம் நம் நடுவே நிற்கிறது. நம்மில் பெரும்பாலோர் அங்கே போவது எதற்கு? மின்விசிறிக்கடியில் அமர்ந்து, சொந்தக் குறிப்பேட்டைத் தேர்வுக்கு மனனம் செய்ய! நூலகரிடம் ஒரு கேள்வி கேட்டவர் கையைத் தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்பும்? நாட்டின் பல்கலைக் கழக ஆய்வேடுகளைச் 'சோத்கங்கா'வில் இருந்த இடத்திலிருந்தே படிக்கலாம் என்பதை மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொண்டவர்களை நான் அறிவேன். நூலகத்தைப் பயன்படுத்தத் தெரிந்த மாணவனே பிறருக்கு நூலகம் அமைக்கத் தகுந்தவன். போசரிக்குப் போகும் தொண்டர்கள் முதலில் ஜெயகர் நூலகத்தில் ஒரு நாள் நூலகர்களிடம் பயிற்சி கேட்டுப் பெற வேண்டும்.

கண்காட்சியில் என்ன வைப்பது? வெறும் தமிழ்ப் பெருமை வேண்டாம். மராத்தி மண்ணில் வாழ்கிறோம்; இரு மொழிக்கும் இடையே ஓடிய பாலங்களைக் காட்டுவோம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி வளர்த்த சரசுவதி மகாலில் தமிழ்ச் சுவடியும் மராத்திச் சுவடியும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன; அதன் ஒளிப்படங்களை வைப்போம். விடுதலைப் போரில் சிறைப்பட்ட சானே குருஜி, திருச்சிராப்பள்ளிச் சிறையில் தமிழ் கற்றார். குறளை மராத்தியில் தந்தார். அந்த மராத்திக் குறளைப் பக்கத்து வீட்டு மராத்தியர் எடுத்துச் செல்லட்டும். 'உங்கள் ஊரில் எங்களுக்கு என்ன வேலை' என்ற கூச்சம் நமக்கும் குறையும், அவருக்கும் நம்மைப் பற்றி ஒன்று தெரியும். குழந்தைகளுக்குப் படத்தோடு கூடிய அரிச்சுவடிகள் நிறைய வேண்டும். அவற்றைத் திருப்பிக் கேட்கவே வேண்டாம்.

சாவித்திரிபாயின் பெயரை நம் பல்கலைக் கழகம் 2014இல் ஏற்றது. 1848இல் இந்த நகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்த புலே இணையர், 1855இல் உழைப்பாளர்களுக்கு இரவுப் பள்ளியும் நடத்தினர். பகலில் உழைப்பவனுக்கு இரவில்தான் ஓய்வு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். நாம் நாள் குறிக்கும்போதும் அந்த எண்ணம் வேண்டும். திட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருக்கிறார்கள். போசரித் தொழிற்பேட்டையில் பல பட்டறைகளுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. ஞாயிறன்று போய்ப் பந்தல் போட்டால், பந்தலும் நாமுமே இருப்போம்! வியாழன் மாலை நான்கு முதல் ஒன்பது வரை என்று மாற்றுங்கள். நூல்களை ஏற்றிச் செல்ல ஒரு டெம்போ போதும். பேரேட்டுக்கு நான் அமர்கிறேன். என்னோடு வரக்கூடிய நால்வர், செயற்குழுக் கூடுமுன் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.