புரியவைப்பதும் மருத்துவமே

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73.44 சதவீதம். அதாவது, ஏழு வயதைத் தாண்டிய பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் எழுதப் படிக்கத் தெரியாது. வயதானவர்களிடம் இந்த விகிதம் இன்னும் கூடுதல். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அதிகம் பிடிப்பதும் அவர்களைத்தான். நம் மருத்துவமனைகளோ அவர்களிடம் எழுத்தில்தான் பேசுகின்றன. சீட்டில் 1-0-1 என்று எழுதியிருக்கும். அட்டையில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை கொடுத்தால், காலாவதித் தேதி பல நேரம் கடையிலேயே தங்கிவிடும். சர்க்கரை மாத்திரையும் வெள்ளை, ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வெள்ளை. 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு க்யூஆர் குறியீடு கட்டாயம். கையில் ஸ்மார்ட்போன் இருந்து, திரையில் வருவதைப் படிக்கவும் தெரிந்தவருக்குத்தான் அதனால் பயன்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, எளிய தமிழில் துண்டறிக்கை அடித்துக் கொடுப்பது. அது வேண்டியதுதான், ஆனால் போதாது. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 395 நோயாளிகளிடம் மருந்துப் புட்டியின் லேபிளைப் படிக்கச் சொன்னார்கள். ‘இரண்டு மாத்திரை, நாளுக்கு இருமுறை’ என்பதை, வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 71 சதவீதத்தினர் சரியாகவே சொன்னார்கள். ஒரு நாளைக்கான மாத்திரைகளை எண்ணிக் காட்டச் சொன்னபோது சரியாகச் செய்தவர்கள் 35 சதவீதம் மட்டுமே. வாயால் சொல்ல முடிந்தவரில் பாதிப்பேருக்குக் கையால் செய்ய முடியவில்லை. ஆகவே, எத்தனை துண்டறிக்கை விநியோகித்தோம் என்ற கணக்கில் பொருளில்லை. வாங்கிக்கொண்டவர் வீட்டில் அதைச் சரியாகச் செய்கிறாரா என்பதே கணக்கு.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1980களில் வங்கதேசத்தின் பிராக் நிறுவனம், வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவதைத் தடுக்க வீடு வீடாகப் பெண்களை அனுப்பி, உப்பு–வெல்லக் கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். படிப்புத் தேவையில்லாத அளவுகள். பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு இது போய்ச்சேர்ந்தது. முக்கியமானது சம்பள முறை. சில வாரம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், அந்தத் தாய்க்கு என்ன நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலக்குகிறாரா என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே சொல்லிக்கொடுத்தவருக்குக் கூலி. தாய்க்குப் புரியாவிட்டால் குறை சொல்லிக்கொடுத்தவரிடம் என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

இப்படி நேரில் சொல்லிப் புரியவைப்பதற்கு மறுப்புகள் உண்டு. முதலில் படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்பார்கள். அறிவொளி இயக்கம் கண்ட மாநிலத்தில் அதை யார் மறுப்பார்? ஆனால், எழுத்துப் பழக மாதங்கள் ஆகும். மாத்திரையை இன்றிரவே விழுங்கியாக வேண்டும். வீட்டில் பிள்ளைகள் படித்துச் சொல்வார்களே என்பது இன்னொரு வாதம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, முதியவர்கள் தனித்து வாழும் வீடுகள் எத்தனையோ. உதிரப்போக்கையோ காசநோயையோ பேரனிடம் சீட்டை நீட்டிக் கேட்கவும் முடியாது. படம் போட்டால் போதும் என்பதும் முழு உண்மையில்லை. அமெரிக்காவில் உருவான மருந்துப் படக்குறிகளைத் தென்னாப்பிரிக்காவில் சோதித்தபோது, உள்ளூர் மக்களோடு சேர்ந்து வரைந்த படங்களே நன்றாகப் புரிந்தன. படத்தையும் படிக்கப் பழக வேண்டியிருக்கிறது. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரமேது என்ற கேள்வி நியாயமானது. மருத்துவருக்கு நேரமில்லை என்றால், அந்த வேலையை நேரமிருக்கும் இடத்துக்கு மாற்றுவதுதான் வழி.

அந்த இடம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பயனாளிகளின் எண்ணிக்கை கோடிகளில் சொல்லப்படுகிறது. “நாளைக் காலையில் எதைப் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்கம்மா” என்று கேட்டுச் சரிபார்ப்பதும் அவர்களது பணியாக வேண்டும். அதற்கேற்ப ஊக்கத்தொகையும் கூட வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சர்க்கரை மாத்திரை அட்டைக்கு ஒரு நிறம், ரத்தக்கொதிப்புக்கு வேறொரு நிறம் என்று ஒப்பந்தத்திலேயே கேட்கலாம். மாத்திரை போட்டுத் தரும் காகித உறையில் உதயசூரியன், உச்சிவெயில், நிலா படங்களை அச்சிடலாம். அச்சிடும் முன் படிக்காத பெண்களிடம் காட்டி, புரிகிறதா என்று கேட்கலாம். 104 இலவச மருத்துவ உதவி எண்ணைச் சுவரில் எழுதிவைப்பதோடு நிற்காமல், வாயால் சொல்லி மனதில் பதிய வைக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை. கோடிக்கணக்கில் மாத்திரை கொடுத்ததைக் கணக்கு வைக்கும் அரசு, அவற்றில் எத்தனை சரியான வேளையில் சரியான வாய்க்குப் போயின என்பதையும் கணக்கு வைக்க வேண்டும்.