ஆய்வாளரை யார் ஆய்வது?

கொரிய மக்களுக்குக் குழந்தைப் பருவம் முதல் பழகிய காதல் கதை ஒன்று உண்டு. நாம்வோன் என்ற ஊரில் கணிகையின் மகள் சுன்ஹியாங்கும் அவ்வூர் நிர்வாகியின் மகன் மோங்ரியோங்கும் காதலித்து, ஊரறியாமல் மணம் செய்துகொள்கிறார்கள். தந்தை தலைநகருக்கு மாற்றப்பட, மோங்ரியோங் அவளைப் பிரிந்து செல்கிறான். புதிய நிர்வாகியாக வரும் பியோன் ஹாக்டோ, கணிகையின் மகள் தன் விருப்பத்துக்கு இணங்கக் கடமைப்பட்டவள் என்கிறான். அவள் மறுக்கிறாள், சிறையில் வதைக்கப்படுகிறாள். அரசுத் தேர்வில் முதலிடம் பெற்று, மன்னரின் இரகசிய ஆய்வாளராகத் திரும்பும் மோங்ரியோங், கந்தலுடையில் பியோனின் பிறந்தநாள் விருந்துக்குள் நுழைகிறான். குதிரை பொறித்த வெண்கல முத்திரைத் தகடு வெளிப்படுகிறது. கொடியவன் வீழ்கிறான்.

பான்சோரி என்னும் கதைப்பாட்டு மரபில் வளர்ந்த இந்தக் கதையே 1935-இல் கொரியாவின் முதல் பேசும் படமானது. 2000-ஆம் ஆண்டில் இயக்குநர் இம் க்வோன் டேக்கின் படமாகக் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்றது. வட கொரியாவும் இதைப் படமாக்கியிருக்கிறது. எல்லையின் இருபுறமும் ஒன்றாக இரசிக்கப்படுவன சிலவே. அவற்றுள் இது ஒன்று.

2005-இல் தென் கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி இக்கதையைப் பதினேழு பகுதிகள் கொண்ட நகைச்சுவைக் காதல் தொடராக்கியது. 'டிலைட்ஃபுல் கேர்ள் சுன்ஹியாங்' என்ற பெயரில் வெளியுலகம் அறிந்த அத்தொடரை அண்மையில் பார்த்து முடித்தேன். காதலர் இருவரும் இங்கே பள்ளி மாணவர்கள். தாய் இரவு விடுதிப் பாடகி. பியோன் ஹாக்டோ பொழுதுபோக்கு நிறுவனம் ஒன்றின் தலைவர். படிப்பில் நாட்டமற்ற மோங்ரியோங்கை விரட்டி விரட்டிப் படிக்க வைப்பவளே சுன்ஹியாங்தான். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அதே நடிகர்கள் ஜோசன் காலத்து உடையில் தோன்றிப் பழங்கதையைக் கிண்டல் செய்வது நல்ல சிரிப்பு.

சிரித்தபடி பார்த்தாலும், பொருளாதாரம் கற்பித்த பழக்கம் விடுவதில்லை. பழைய கதை புதிய காலத்துக்குப் பெயர்க்கப்படும்போது எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பது அச்சமூகத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

மாறியது, சுன்ஹியாங்கின் மறுப்புக்குப் பின்னால் உள்ள பலம். பேரம் எதிலும் ஒருவரின் வலிமை, பேச்சு முறிந்தால் அவருக்கு என்ன மிஞ்சும் என்பதைப் பொறுத்தது என்பார் அமார்த்திய சென். பழைய சுன்ஹியாங்குக்கு மிஞ்சியது சிறை. தாயின் பிறப்பே மகளின் தகுதியை முடிவு செய்த காலம் அது. அந்தப் பிறப்புவழிப் படிநிலையைக் கொரியா சட்டப்படி ஒழித்தது 1894-இல்தான். தொடரின் சுன்ஹியாங்கோ கைவினை அணிகலன்கள் செய்து விற்று வாழ்கிறாள். மறுத்த பிறகும் மறுநாள் சோற்றுக்கு வழியிருக்கிறது. முழு விடுதலை இன்னும் வரவில்லை என்பதும் உண்மை: ஆண், பெண் ஊதிய இடைவெளி ஏறத்தாழ 30 விழுக்காடாக நிற்க, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளில் அந்த இடைவெளி மிகுதியாக உள்ள நாடு தென் கொரியாவே.

மாறாதது, மோங்ரியோங்கின் உத்தியோகம். மன்னரின் ஆய்வாளர் இருந்த இடத்தில் தொடர் ஓர் அரசு வழக்கறிஞரை வைக்கிறது. கொரியப் பார்வையாளருக்கு இதில் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. கடினமான தேர்வு, அதில் வென்ற இளைஞன், அவன் கையில் அரசின் முத்திரை என்ற வரிசை அப்படியே இருக்கிறது. அந்நாட்டு அரசு வழக்கறிஞர்கள் நீண்ட காலமாகப் புலன்விசாரணை நடத்தும் அதிகாரத்தையும் வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தையும் ஒருசேர வைத்திருந்தார்கள். ஆகவே பழைய முத்திரைத் தகடு அவர்கள் கைக்கு நன்றாகவே பொருந்தியது.

திரையில் பொருந்தியது நாட்டில் எப்படி முடிந்தது? சட்டத் தேர்வைப் பலமுறை எழுதி வென்ற யூன் சுக் இயோல், முன்னாள் அதிபர் பார்க் கியுன் ஹை மீதான ஊழல் விசாரணையில் பெயர் பெற்றார். தலைமை அரசு வழக்கறிஞரானார். பெரியவர்களுக்கும் அஞ்சாத ஆய்வாளர் என்ற அந்தப் படிமமே 2022-இல் அவரை அதிபர் மாளிகைக்குக் கொண்டு சென்றது. 2024 டிசம்பர் 3 இரவு அதே மனிதர் இராணுவச் சட்டத்தை அறிவித்தார்.

அன்றிரவு முத்திரையோடு எந்த ஆய்வாளரும் வரவில்லை. மக்கள் நாடாளுமன்ற வாயிலில் திரண்டனர். உள்ளே சென்றுசேர்ந்த 190 உறுப்பினர்கள் ஒருமனதாக வாக்களித்து, சில மணி நேரத்தில் அந்த அறிவிப்பைச் செயலிழக்க வைத்தனர். 2025 ஏப்ரல் 4-இல் அரசமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமித்து அவரைப் பதவி நீக்கினர்.

அதன் தொடர்ச்சியாக, அரசு வழக்கறிஞர் அலுவலகத்தைக் கலைத்து, புலன்விசாரணையையும் வழக்குத் தொடுப்பதையும் இரண்டு தனி அமைப்புகளிடம் ஒப்படைக்கும் சட்டத்தை, ஓராண்டு அவகாசத்துடன், 2025 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இது சரியான திசை என்றே கருதுகிறேன். ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். ஓர் அலுவலகத்திடமிருந்து பறித்த அதிகாரம் காவல்துறையிலோ புதிய புலனாய்வு அமைப்பிலோ போய்க் குவிந்தால், தகடு கைமாறியதாக மட்டுமே பொருள்படும். ஆளும் தரப்பின் பழைய கணக்குத் தீர்ப்பாக இந்தச் சீர்திருத்தம் சுருங்கிவிட்டால், அடுத்த ஆட்சி அதையே திருப்பிச் செய்யும்.

பழங்கதையின் இறுதியில் ஒரு காட்சி உண்டு. பியோன் வீழ்ந்த பின், தன்னை வெளிப்படுத்திக்கொள்ளாத மோங்ரியோங், ஆய்வாளர் என்ற அதிகாரத்தோடு சுன்ஹியாங்கிடம் கேட்கிறான்: அவனுக்கு இணங்க மறுத்தாய், எனக்கு இணங்குவாயா? அது காதலியின் உறுதியைச் சோதிக்கும் விளையாட்டு என்று அரங்கம் சிரிக்கும். எதிரே இருப்பவன் யாரென்று அறியாத அவளோ, வந்த அதிகாரிகள் எல்லோரும் ஒன்றுபோலவே இருக்கிறீர்கள் என்று மீண்டும் மறுக்கிறாள்.

அந்தக் கணத்தில் அவள் காண்பது உண்மையே. கொடியவன் கேட்ட கேள்வியை நல்லவனாலும் அதே அதிகாரத்தோடு கேட்க முடிகிறது. அவள் தப்பியது கேட்டவன் மோங்ரியோங்காக இருந்ததால். அந்த நற்பேற்றை நம்பி ஒரு நாடகம் முடியலாம். ஒரு நாட்டின் சட்டம் அதை நம்பி எழுதப்படலாகாது.