பனிக்கட்டியும் ஒரு கட்சியா?

பூமி சூடேறுவதைப்பற்றிச் சட்டம் செய்யுமுன் இருதரப்பையும் கேட்டே தீரவேண்டும் என்கிறார்கள் அரசியல்வாதிகள். நாமும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் கேட்பது ருஜுவையா, வேடிக்கையையா?

அமெரிக்க செனட் கமிட்டி முன் 1988-ம் வருஷம் ஜூன் மாதத்திலேயே ஹான்சன் என்ற விஞ்ஞானி, உலகமெங்கும் எடுத்த உஷ்ணக் கணக்கை வைத்து, பூமி சூடேறி வருகிறதென்று சாட்சி சொன்னார். கணக்கில் கண்ட வருஷங்களிலெல்லாம் 2014-ம் வருஷமே அதுவரை அதிகச் சூடானது என்று ஆராய்ச்சியாளர் சொன்னபோது, எண்ணெய்க் கிணறுகள் மலிந்த ஒக்லஹோமாவின் செனட்டர் இன்ஹோஃப் என்ன செய்தார்? 2015 பிப்ரவரியில் வெளியே கிடந்த பனியை உருட்டிச் சபைக்குள் கொண்டுவந்து, குளிரைப் பாருங்கள் என்று வீசினார்! இவர் அப்போது சாதாரண அங்கத்தினரல்ல. இருதரப்பையும் விசாரிக்க வேண்டிய சுற்றுச்சூழல் கமிட்டியின் தலைவராக இருந்தவர்!

தன் வீட்டில் அடுப்பெரிவதைக் காட்டி ஊரில் பஞ்சமில்லை என்பவனை நம் கிராமப் பஞ்சாயத்தார்கூட ஒப்புவார்களா? மறுப்பவர்களும் கணக்கைக் கொண்டு வரட்டும். அதையும் கேட்கத்தான் சொல்லுகிறோம்.