வலியைச் சொல்லுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஈஸ்ட்ரோஜன் என்றவுடன் சினைப்பையும் மாதவிடாயுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. மாதவிடாய் நின்றபின் அந்த ஹார்மோனுக்கு உடலில் வேலை இல்லை என்றும் கருதுகின்றனர். இது சரியன்று. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களுள் சில, ஈஸ்ட்ரோஜனைத் தாமே உண்டாக்குகின்றன என்பதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. அரோமடேஸ் என்னும் நொதியே அப்பணியைச் செய்கிறது.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் ஜப்பானியக் காடைகளைக் கொண்டு செய்த ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. தோலிலிருந்தும் மூட்டிலிருந்தும் வரும் வலிச் செய்தி, தண்டுவடத்தின் பின்பகுதியைத்தான் முதலில் வந்தடைகிறது. அவ்விடத்து நரம்பணுக்களில் அரோமடேஸ் இருப்பதைக் கண்ட அவர்கள், அந்நொதியைத் தடுக்கும் மருந்தைத் தண்டுவடத்தைச் சுற்றிச் செலுத்தினர். ஒரு நிமிடத்திற்குள்ளாகவே, சுடுநீரிலிருந்து காலை இழுத்துக்கொள்ளப் பறவைகள் எடுத்துக்கொண்ட நேரம் கூடியது. வலியுணர்வு குறைந்தது என்பதே இதன் பொருள்.

அவ்வாறாயின், அரோமடேஸைத் தடுத்தால் வலி குறையும் என்று கொள்ளலாமா? கொள்ள இயலாது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் பலர் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளை ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ உட்கொள்கின்றனர். அவையும் அதே நொதியையே தடுக்கின்றன. ஆனால், அவர்களுள் பலருக்கு மூட்டுவலியும் காலைநேர விறைப்பும் உண்டாகின்றன. காடையில் நிகழ்ந்தது ஓரிடத்தில் ஒரு நிமிடத்தில் ஏற்பட்ட மாற்றம். மாத்திரையோ உடல் முழுவதும் நெடுங்காலம் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிறது. இடமும் அளவும் காலமும் மாறும்போது ஒரே ஹார்மோனின் விளைவும் மாறுகிறது. எனவே, "ஹார்மோன் குறைந்தால் வலி, ஏற்றினால் நிவாரணம்" என்னும் எளிய கணக்கு இங்குச் செல்லாது.

இதிலிருந்து குடும்பத்தினர் உணர வேண்டியது ஒன்று உண்டு. நரம்பணுக்களுக்குள் நிகழும் வேதிமாற்றத்தை எக்ஸ்ரே காட்டாது. படத்தில் குறை தெரியவில்லை என்பதற்காக, "வயதானால் அப்படித்தான்", "எல்லாம் மனப்பிரமை" என்று ஒரு பெண்ணின் வலியைத் தள்ளிவிடுவது நியாயமன்று. கேட்பாரில்லாத வலியே பலரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறது என்பது என் கருத்து. சிலர் வாய்திறவாமல் பொறுத்துக்கொள்கின்றனர். சிலர் எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். பின்னது மிகவும் ஆபத்தானது. நோய் திரும்பி வராமல் காப்பதற்காகவே அம்மாத்திரை தரப்படுகிறது.

வலி எப்போது தொடங்கியது, எந்த மூட்டில், காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, உறக்கம் கெடுகிறதா என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். முறையான உடற்பயிற்சி, வலிநிவாரணி, அதே வகையைச் சேர்ந்த வேறொரு மாத்திரைக்கு மாறுதல் என வழிகள் உள்ளன. ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளை நீங்களாகவே மருந்துக்கடையில் வாங்கி உட்கொள்ள வேண்டா. ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகைப் புற்றுநோய் கண்டவர்களுக்கு அது தீங்காக முடியலாம்.

ஓய்வெடுத்தும் தணியாத முதுகுவலி, கால்களில் வலுக்குறைவு அல்லது மரமரப்பு, சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவை தோன்றினால் அடுத்த முறை வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மருந்தைத் தொடர்வதற்கு மனவுறுதி மட்டும் போதாது. வலியைச் செவிகொடுத்துக் கேட்கும் வீடும் மருத்துவரும் வேண்டும். அதற்கு முதற்படியாக, வலியை மறைக்காமல் சொல்லுங்கள்.